நூற்றெட்டாவது கல்

2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை, பிற்பகல் 2.40. வெளியே மைனஸ் பதினாறு, பனித்தூறல்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி மண்டபமொன்றில் தஞ்சாவூர் ஓவியக் கண்காட்சி. மூன்று நாளாக ஒரு படமும் விற்கவில்லையாம். அன்று ஒரு தமிழ்த் தம்பதி கிருஷ்ணர் படத்துக்குப் பணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றெட்டுக் கற்கள் பதித்தது என்று கீழே எழுதியிருந்தது. கம்பளிக் கையுறையோடு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

“தங்கச்சி, நூற்றேழுதானே கிடக்கு! ஏமாத்திறீரோ?” என்று தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஓவியரைக் கேட்டேன்.

தம்பதி பணத்தை உள்ளே வைத்துவிட்டு வெளியேறினார்கள்.

ஓவியர் என் கையைப் பார்த்தார். “சார், கல்லு உங்க கையுறையில சிக்கியிருக்கு,” என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

உரக்கச் சொல்லியிருந்தால் அவர்கள் திரும்பி வந்திருப்பார்கள். எழுபத்தாறு வயதுக்காரனைச் சபையில் தலைகுனிய வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரை எல்லார் முன்னும் ஏமாற்றுக்காரியாக்கியபோது எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

படத்தை நானே வாங்கினேன். வரியோடு 1,034 டொலர் 78 சதம்.