அண்ணன் தரையிறங்கிய நேரம்

கணக்கில் நான் கெட்டி. அடக்கம் என்று சொல்லி இதை மறைக்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. பள்ளிக்கூடத்து மார்க்கைச் சொல்லவில்லை. ஐம்பதுகளில் திண்டிவனத்தில், எங்கள் வீட்டைப் பெருக்கலாமா கூடாதா என்று நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

அன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் மீனம்பாக்கத்தில் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான். அப்பா வழியனுப்பக் கூடப் போயிருந்தார். முந்தின நாள் அவன் படியிறங்கியதிலிருந்து வீட்டில் துடைப்பம் படவில்லை. ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேருமுன் பெருக்கினால் அவருக்கு ஆகாது. விழுப்புரம் என்றால் பஸ்ஸில் இவ்வளவு நேரம், மதராஸ் என்றால் ரயிலில் இவ்வளவு நேரம் என்று அம்மாவுக்கு மனப்பாடம். ஏரோப்பிளேனுக்கு எவ்வளவு பொறுப்பது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

வீடோ குப்பைமேடு. அண்ணனைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தின்று போட்ட மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், கூடம் முழுக்கக் கிடந்தது. மூன்று மணிக்கு விழுப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

அண்ணன் டிக்கெட்டைப் பார்த்து எழுதிவைத்த சீட்டில், இறங்கும் நேரம் மூன்றரை என்று இருந்தது.

"மூணரைக்கு மேலதான் தொடப்பத்த தொடுவேன். குப்பையப் பாத்துட்டு வாணாம்னா போவட்டும்" என்றாள் அம்மா.

அது சிங்கப்பூர்க் கடிகாரத்து மூன்றரை என்று எனக்குப் பட்டது. பொழுது அங்கே நமக்கு முன்னாலேயே விடிந்துவிடுகிறது. அட்லாஸை விரித்து நூல் வைத்து அளந்தேன். ஆயிரத்து எண்ணூறு மைல் வந்தது. மணிக்கு முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவாகப் பறக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அப்படியானால் நம் ஒன்றரைக்கு இறங்கிவிடுவான். தீர்க்கரேகையை வைத்து அந்த மூன்றரையை நம் நேரமாக்கினால் இரண்டு வந்தது. எதற்கும் இரண்டே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

"தப்பாப் போச்சுன்னா?" என்றாள் அம்மா.

"தப்பாது" என்றேன். கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அவனுக்கு ஏதாவது ஆனால் ஆயுசுக்கும் பழி என் தலையில்தான் விடியும்.

மணி இரண்டு அடித்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் துடைப்பத்துக்குக் கை நீட்டினேன். கொடுக்காமல் அவளே பெருக்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் கூடத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். "காலையிலதானே புள்ள ஏரோப்பிளேன் ஏறுனான்? அதுக்குள்ள பெருக்கிட்டீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் காபி டம்ளரோடு நின்றபடி மைல் கணக்கிலிருந்து தீர்க்கரேகை வரை விளக்கினேன். பெண் இவ்வளவு பேசுவது அவர்களுக்குச் சரிப்படவில்லை, சம்பந்தம் அதோடு நின்றுவிட்டது. எனக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஆனால் அம்மா அன்று முழுக்க என்னோடு பேசாதது கஷ்டமாக இருந்தது.

மறுநாள் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். தந்திக்காரர் சைக்கிளுக்குப் பின்னாலேயே தெரு திரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். நான்தான் பிரித்தேன். சுகமாக வந்து சேர்ந்தேன் என்று இருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் எழுந்துகூட வரவில்லை.

"ஏன் எல்லாரும் அழுதுகினு நிக்கறீங்க? அவன் நேத்து ரெண்டு மணிக்கே எறங்கிட்டான். எம் பொண்ணு சொல்லிச்சு."