ஏலக்காய் ஸ்டோரில் காய்ச்சல் கண்ட டயோடு

ரேடியோ ரிப்பேர்க்காரன் பொழப்புல பெரிய கொடுமை என்னன்னா, வீட்டுல வாயத் தொறக்காத பெட்டி நம்ம கடை மேசைக்கு வந்ததும் கணீர்னு பாடும். இந்தச் சோலியில கஞ்சி குடிச்ச சகாக்களே, ஒங்களுக்கு நான் சொல்லணுமா! எழுபதுகள்ல போடியில கடை போட்டிருந்தப்ப நான் பட்டதைக் கேளுங்க.

நெல்லு மணி அளவு சாமான்

ராசிங்காபுரத்துச் சம்சாரி ஒருத்தரோட ரேடியோவுல டயோடு மாத்திக்கிட்டிருந்தேன். நெல்லு மணி அளவு கண்ணாடி, ஓரத்துல ஒரு கோடு. "இத்துனூண்டு சாமான் என்ன செய்யும்?"னு கேட்டார். எனக்கு டயோடுன்னா உசுரு, விடுவேனா?

"அண்ணே, இதுக்குள்ள ரெண்டு வகைச் சரக்கு ஒட்டிக் கெடக்கு. ஒண்ணுல எலக்ட்ரான் மிச்சம், இன்னொண்ணுல அதுக்கு எடம் காலி. ரெண்டும் தொடுற எடத்துல தானா ஒரு வேலி விழுந்துரும். நேர்வழியாத் தள்ளுனா வேலி மெலிஞ்சு கரண்டு போகும். எதிர்வழியாத் தள்ளுனா வேலி தடிச்சு மறிச்சுப்புடும். ஸ்டேசன்ல இருந்து வர்ற அலை முன்னயும் பின்னயும் ஆடும். அதுல ஒரு பாதிய மட்டும் இது விடுறதாலதான் பாட்டு தனியாப் பிரிஞ்சு வருது"ன்னு மூச்சு விடாமச் சொன்னேன். அவர் தலையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னார்: "கெணத்துல தண்ணி திரும்பிப் போகாமப் போடுற ஃபுட்வால்வுன்னு ஒத்த வார்த்தையில சொல்லாம, எதுக்குத் தம்பி இம்புட்டு இழுக்கிற?"

வாய விட்டேன்

மலை மேல ஏலத்தோட்டம் வச்சிருந்த முதலாளி ஒருத்தர், ஒரே ரேடியோவ மூணாவது தடவையா ஜீப்புல கொண்டாந்தார். அங்க கரகரன்னு அமுங்கிப் போகுதாம். இங்க வச்சா, சனியன், அட்சரம் பிசகாமப் பேசுது. எனக்கு ரோசம் வந்துருச்சு. "மேல யாரோ உள்ள நோண்டுறாங்கண்ணே"ன்னு சொல்லிப்புட்டேன். சும்மா என் பேரக் காப்பாத்திக்கிறதுக்குச் சொன்ன பேச்சு.

ரேடியோ இருந்தது ஏலக்காய் காயப்போடுற ஸ்டோர்ல. அங்க அடுப்புச் சூட்டப் பாத்துக்கிட்டது சிலமலை ஊருப் பேச்சியம்மா. காய் பச்சை மாறாமக் காய வைக்கிறதுல அந்த அம்மாவ அடிச்சுக்க ஆள் கிடையாது. முதலாளி அதெல்லாம் யோசிக்கல. "அப்ப அது பேச்சியம்மா வேலைதான், சனிக்கிழமையோட கணக்க முடிச்சு அவளக் கீழ அனுப்பிர்றேன்."

சூட்டுக்கோல் பரீட்சை

வெள்ளிக்கிழமை காலையில பேச்சியம்மாவே கடை வாசல்ல நிக்குது. முகமெல்லாம் கோவம். "நான் தொடல அப்பு. அடுப்புப் பத்த வச்சு அறை சூடானாத்தான் அமுங்குது. வெளிய கொண்டாந்து வச்சா, செத்த நேரத்துல பேசுது. அங்க இருக்கிற சூட்ட இங்க காட்டிப் பாரு"ன்னுச்சு. பதினஞ்சு வருச மெக்கானிக்குக்குப் பாடமான்னு ஒரு நெனப்பு. இருந்தாலும் முதலாளி விட்டுட்டுப் போன ரேடியோவத் தொறந்து, ஈயம் பத்தவைக்கிற சூட்டுக்கோலை டயோடுக்குப் பக்கத்துல பிடிச்சேன். பாட்டு அமுங்குச்சு! கோலை எடுத்துட்டு ஊதுனேன். திரும்ப வந்துருச்சு!

ஆத்தாடி! இந்த மாதிரி ஜெர்மேனியத்துல செஞ்ச டயோடு சூடேறுனா, எதிர்வழியிலயும் கரண்டக் கசிய விடும்னு படிச்சவன்தான் நான். மூணு தடவையும் அது நெனப்புக்கு வரலையே! சிலிக்கான் டயோடு போட்டா சூடு தாங்கும், ஆனா அதோட வேலியத் தாண்ட அதிகத் தெம்பு வேணும், தூரத்து ஸ்டேசன்ல இருந்து வர்ற அலைக்கு அது கிடையாது. ரேடியோவ எடம் மாத்துறதுதான் வழி. ஆனா பேச்சியம்மா தயங்குச்சு: "மலை ஈரத்துல நமுத்துப் போகும்னு உப்பு, தீப்பெட்டி எல்லாம் ஸ்டோர்லதான் வைப்போம், ரேடியோவையும் அங்க வைக்கச் சொன்னதே மொதலாளிதான், அவர்கிட்ட இத யாரு சொல்றது?"

ஜீப்பேறிப் போனேன்

நான்தான் சொல்லணும். என் பெரிய வாடிக்கை அவர், போனாலும் போகட்டும்னு ரேடியோவத் தூக்கிக்கிட்டு அந்த அம்மா கூடவே ஜீப்புல ஏறிட்டேன். முதலாளி முன்னால ரேடியோவ அடுப்புக் குழாய் மேல இருந்த பலகையில வச்சேன். அமுங்குச்சு. வெளித் தாழ்வாரத்துல வச்சேன். பேசுச்சு. "யாரும் நோண்டலண்ணே, நான் சொன்னது பொய்"னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பேச்சியம்மா பக்கம் திரும்பி, "போ ஆத்தா, அடுப்பப் பாரு"ன்னார்.

அப்பாடான்னு திரும்புனேன். பேச்சியம்மா விறகோட நின்னு கேட்டுச்சு: "அந்தக் கண்ணாடிப் பொட்டு சூடு தாங்காமத் தடம் மாறுச்சு, சரி; குளுந்த கடையில ஃபேனுக்கு அடியில ஒக்காந்திருந்த ஒனக்கு என்னப்பா வந்துச்சு?"

டயோடு தப்பு வழியில போனா ரேடியோ கரகரன்னு காட்டிக் குடுத்துரும், மெக்கானிக்கு போனா, அதக் காட்டிக் குடுக்க ஒரு பேச்சியம்மா மலையெறங்கி வரணும்.