லொரைன் அக்கா தேய்க்கும் எஞ்சின்

மணியடித்ததும் கதவைத் திறந்த லொரைன் அக்கா, நான் யாரென்றுகூடக் கேட்காமல் சொட்டச் சொட்ட ஒரு ரயில் எஞ்சினை என் கையில் வைத்தார். "பிடிங்க தம்பி, அமுக்கிடாதீங்க. அடுப்புல சோறு பொங்குது" என்று உள்ளே ஓடினார். சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் வாடகைக்கு அறை பார்க்கப் போன எனக்கு அவர் அறிமுகமானது அப்படித்தான்; அந்த அறைக்கே குடிவந்தேன். எஞ்சின் என்றால் சக்கரமும் மோட்டாரும் இல்லை. உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான வெறும் பிளாஸ்டிக் கூடு. பாதி பச்சை, பாதி பெயின்ட் போய்ச் சாம்பல். ஊசி போடுமுன் தடவும் பஞ்சின் வாசனை அதில் வீசியது.

அக்கா சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். வருகிறவர்களின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நாளெல்லாம் நிற்கிற வேலை. வீடு திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். "உக்காந்தா அப்புறம் எந்திரிக்க முடியாது லா" என்பார், ஊர் வழக்கப்படி 'லா' போட்டு. வந்ததும் வீங்கிய காலைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு மூடி போட்ட டப்பாவைத் திறப்பார். மருந்துக்கடை ஆல்கஹாலில் எஞ்சின் கூடு ஊறிக்கிடக்கும். பெயின்ட், நனைந்த அப்பளம்போல் சுருங்கியிருக்கும்.

தேய்ப்பது குழந்தைகளின் மெத்தென்ற பல் பிரஷ்ஷால். எஞ்சினின் மூக்கைக் கட்டைவிரலால் மோவாய்போல் நிமிர்த்திப் பிடித்து, "ஆ காட்டு" என்று அதட்டுவார். கம்பிவலை போன்ற இடுக்குகளில் பச்சை விடாது. "பாருங்க தம்பி, கடவாப்பல்லுல ஒளிஞ்சுக்கிட்டு வரமாட்டேங்குது" என்று பல்குத்தும் குச்சியை எடுப்பார். இரும்பு ஊசி படவே கூடாது; கீறினால் அடுத்த பெயின்ட் அந்தக் கீறலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை செய்கிற அவருக்கு ரயில் பொம்மையில் எந்த ஆசையும் இல்லை. "எனக்கு இதுவும் பிடிக்காது, இந்த நாத்தமும் பிடிக்காது. கட்டுனவருக்குப் பிடிக்குது, என்ன செய்ய?"

கட்டினவர், அதாவது கணவர், அலெக்சாண்டர். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் வந்து வலக்கை நடுங்கத் தொடங்கியதும், சேர்த்து வைத்திருந்த ரயில்களைப் சர்ச் விற்பனைக்குக் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். கையைச் சும்மா வைக்காதீர்கள் என்று தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். உடம்புக்குப் பச்சை ஸ்ப்ரே. அது அக்கா வேலை. இரண்டு பக்கமும் நடுவில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு. அது அவர் வேலை. கோடு நேராக வருவதில்லை.

"எடுத்துடு லொரைன்."

"நல்லாத்தானே இருக்கு."

"பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?"

"டேப் ஒட்டிட்டு அடிங்கன்னா கேக்குறீங்களா?"

"அப்ப அது டேப் போட்ட கோடு லா. நான் போட்டது இல்ல."

மஞ்சளை மட்டும் துடைக்க வழியில்லை. துடைத்தால் பச்சையும் கூடவே வரும். எனவே மறுபடி ஊறல், மறுபடி பிரஷ், உலர்த்தல், ஸ்ப்ரே. மறுபடி அவருடைய கோடு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்தது வேதியியல். அக்கா அதை மறப்பதில்லை. ஒருநாள் கூட்டை என்னிடம் நீட்டி, "கெமிஸ்ட்ரி தம்பி, இது எத்தன தடவ தாங்கும்?" என்றார். வளைத்துப் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக், ஊறி ஊறி அதன் நெகிழ்வு போயிருந்தது. அதில் வார்த்திருந்த கடுகளவு ஆணித்தலைகள் பாதி மழுங்கியிருந்தன. இன்னும் ஒருமுறை தாங்கினால் பெரிது என்றேன். அக்கா கூடத்தை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது போச்சுன்னா பிரஷ்ஷையே தொடமாட்டேன்னு சொல்லிட்டாரு. அப்படியே விட்டா அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருவாரு. ரெண்டுல எது நல்லது, சொல்லுங்க?" கூட்டைப் பத்திரமாக அவர் கையில் திருப்பி வைத்தேன்.

போன ஞாயிறு சர்ச் பூசை முடிந்து வந்ததும் அலெக்சாண்டர் கோடு இழுத்தார். வாயைக் கூட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "எடுத்துடு."

அக்கா கையுறை மாட்டி டப்பாவைத் திறந்தார். கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓட்டுநர் ஜன்னலோரத் தூணில், முடியளவு ஒரு வெள்ளை விரிசல் ஓடியிருந்தது. தொட்டால் ஒடியும்.

"ஊறப் போட்டியா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அக்கா டப்பாவை மூடிவிட்டு, கூட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"போடல. இனிமே தேய்க்க மாட்டேன் அலெக்ஸ்."

"என்ன விளையாட்டு இது?"

"ஒடையப் போகுது, பாருங்க. இதுக்கும் முடியல, எனக்கும் முடியல."

அவர் குனிந்து விரிசலைப் பார்த்தார். பிறகு, "கோணலா இருக்கு லொரைன்" என்றார்.

"கோணல்தான். யாரு இல்லன்னா?"

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அக்கா வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். அலெக்சாண்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எஞ்சினை இரண்டு கையாலும் எடுத்து மெதுவாகத் திருப்பினார். மறுபக்கம் வெறும் பச்சை. இடப்பக்கக் கோடு பிடிக்காமல் அழித்து அழித்தே, வலப்பக்கத்துக்கு அவர் ஒருமுறையும் வந்து சேர்ந்ததில்லை.

"இந்தப் பக்கமும் இப்படித்தான் வரும்."

"வரட்டும் லா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தானே சரி?"

அவர் மூக்கால் சிரித்தார். அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மஞ்சள் பெயின்ட் மூடியைத் திருகித் திறந்து, அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.