ஞானம் அக்கா செய்த சோடா

மூக்குக்குள் ஊசி ஊசியாய் ஏறும் ஒரு குறுகுறுப்பு, அது அடங்கியபின் நாக்கில் தங்கும் மெல்லிய உவர்ப்பு, விரல்களை விட்டு அடுத்த நாளும் போகாத எலுமிச்சைத் தோலின் வாசம்: என்னுடைய ஒன்பதாவது வயதை நினைத்தால் முகங்களுக்கு முன்னால் இவைதான் வந்து நிற்கின்றன.

அப்போது நாங்கள் பினாங்கில், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், கீழே சீனர் ஒருவரின் கயிற்றுக் கடையும் மேலே இரண்டு குடித்தனங்களுமாக இருந்த வீட்டில், மாடியின் பின்பக்கத்து அறைகளில் குடியிருந்தோம். அப்பா கப்பல்களில் இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் "கிராணி". கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக அவர் வேலைக்குப் போவதைச் சந்தே பார்க்கும். அம்மாவுக்கு நெடுநாளாக வயிற்றில் ஒரு கோளாறு. எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சைக் கரிக்கும். ஒரு சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டால்தான் சாய்ந்து படுக்க முடியும். ஆகையால் வேலை முடிந்து வரும்போது அப்பாவின் கையில் ஒரு கோலி சோடா இருக்கும். கடைசி வாயை அம்மா குடிக்காமல் என்னிடம் நீட்டுவார். நான் அதைக் குடித்துவிட்டுப் பாட்டிலின் கழுத்துக்குள் கோலி உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு ரப்பரும் ஈயமும் விலைபோகாத காலம் வந்தது. கப்பல்கள் குறைந்தன, அப்பாவையும் சேர்த்துப் பலரை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்பா மறுநாளும் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். யாராவது ஒரு நாள் வேலைக்காவது கூப்பிடமாட்டார்களா என்று வெயிலில் நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளுக்குச் செல்லப்பிள்ளையாக இருந்த ஞானம் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு தையல் கடைக்குக் காஜா எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தாள். வீட்டில் முதலில் நின்றுபோனது சோடாதான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவார். கேட்டால், "ஒண்ணும் இல்லலா, சுடுதண்ணி குடிச்சா சரியாப் போவும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்த அக்கா, ஆப்பத்துக்குப் போடும் சோடா மாவில் ஒரு சிட்டிகையைத் தட்டில் வைத்து அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். அது சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது.

"பாக்கியம், இங்க பாரு! கடைக்காரன் பாட்டில்ல அடைக்கிறதும் இந்தப் பொங்கல்தானே? இத வெளிய விடாமப் புடிச்சு வச்சா?"

பிடித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சோடா மாவைச் சாற்றில் போட்ட உடனே பொங்கி, தக்கையை எடுத்து அடைப்பதற்குள் எல்லாம் வழிந்துவிடும். அதற்கு அக்கா ஒரு வழி கண்டாள். அப்பா புகையிலை சுற்றும் மெல்லிய தாளில் சோடா மாவைப் பொட்டலமாக மடித்தாள். ஆறிய வெந்நீரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிய பாட்டிலுக்குள் அதைப் போட்டு, தாள் நனைந்து பிரிவதற்குள் தக்கையை அடித்து, கீழ்க்கடைச் சீனர் எறிந்த கயிற்றுத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். பாட்டில் வெடித்துவிடக் கூடாது என்று ஈரச் சாக்கைச் சுற்றி வாளித் தண்ணீரில் படுக்க வைத்தாள். எலுமிச்சைக்குப் பாசார் மூடும் நேரத்தில் போவோம். வதங்கிப்போன சின்ன "லீமாவ்" பழங்களை மலாய்க்காரப் பெண்மணி கூறாக அள்ளி அக்காவின் முந்தானையில் போடுவார்.

முதல் பாட்டிலின் தக்கை உத்தரத்தில் அடித்துப் பல்லி ஒன்றைக் கீழே தள்ளியது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டாவது உப்புக் கரித்தது. அதற்கடுத்தது சரியாக வந்தது. கடைச் சோடாவின் உறைப்பு இல்லாவிட்டாலும், தம்ளரில் ஊற்றும்போது முத்து முத்தாய்க் குமிழி எழுந்தது. அம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெட்கத்தோடு ஒரு பெரிய ஏப்பம் விட்டார். பிறகு அக்காவின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

அப்பா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "சோடாவா இது? உப்புத் தண்ணி" என்று தம்ளரைக் கீழே வைத்தார். தன் கையால் வாங்கிவர முடியாத ஒன்று தன் வீட்டில் தானாக உண்டாவது அவருக்கு என்னவோ செய்திருக்க வேண்டும். ஆனால் சில நாள் கழித்து, புகையிலைத் தாள் கட்டு ஒன்று அடுப்படி மாடத்தில், சோடா மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா புகைப்பதை விட்டுவிட்டிருந்தார்.

எங்கள் வீட்டின் கடைசி நல்ல காலம் அதுதான். நாகப்பட்டினத்திலிருந்து அம்மாவின் அண்ணன் தன் மகனுக்கு ஞானத்தைக் கேட்டுச் சொல்லியனுப்பினார். சீர்செனத்தி எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்றார். சந்துமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த அந்தோணி மாமாவின் குடும்பம் அந்த மாதம் ஊருக்குக் கப்பலேறுவதாக இருந்தது. துணைக்கு அவர்கள் போதும் என்று அப்பா முடிவுசெய்தார்.

அக்கா காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தபடி கெஞ்சிக் கேட்டாள்: "நா போவல அப்பா. இன்னும் ரெண்டு கடையில தையல் வாங்குறேன். எனக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம்."

"அங்க மூணு வேளச் சோறு இருக்கு புள்ள."

"எனக்கு இங்க கஞ்சியே போதும்லா."

"எனக்குப் போதாது" என்றார் அப்பா. "ஒனக்குக் கஞ்சி ஊத்துறத என்னால பாக்க முடியல." அதற்குமேல் நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா திரும்பவும் ஊசியில் நூலைக் கோத்தாள். அந்தச் சட்டை முடியும்வரை அவள் நிமிரவே இல்லை.

புறப்படுவதற்கு முன்பு அம்மா தன் கல்யாணச் சேலையை அக்காவுக்குக் கட்டிவிட்டார். கடலில் வாந்தி வரும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்ததால், அக்கா மூட்டைக்குள் ஒரு பாட்டில் சோடாவும், மடித்த பொட்டலங்களும், ஒரு கூறு எலுமிச்சையும் வைத்துக்கொண்டாள். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. அதுவரை கொண்டுவிடும் சம்பான் படகில் ஏறத் துறைமுகப் படியில் வரிசையாக நின்றோம். நல்ல வெயில். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அப்பா கப்பல் வேலையில் பழகிய குரலில், மூட்டையை எங்கே வைக்க வேண்டும், மேல்தளத்தில் எந்தப் பக்கம் காற்றடிக்காது என்று அந்தோணி மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது அக்காவின் இடுப்பிலிருந்த மூட்டைக்குள் "டப்" என்று ஒரு சத்தம். வெயிலில் சூடேறித் தக்கை தெறித்துவிட்டது. நுரையும் தண்ணீருமாய்ப் பொங்கி, கல்யாணச் சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள்; நானும் சிரித்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குனிந்து சேலையைத் துடைக்கத் தொடங்கினார். ஈரம் போனபிறகும் துடைத்தார். சம்பான்காரன் கத்தினான், அந்தோணி மாமா, "அண்ணே, நேரமாவுது" என்றார். அப்பா நிமிராமல் சேலையின் கரையை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்காதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "காஞ்சிருச்சு அப்பா, போதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஊர் சேர்ந்ததும் ஒரு கடிதம் வந்தது. கல்யாணம் முடிந்து ஒன்று. எல்லாரும் சுகம், நீங்களும் அவ்விதமே இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன் என்பதற்குமேல் அவற்றில் ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அந்தோணி மாமா தனியாகத் திரும்பிவந்தார். கடையைத் திறப்பதற்கு முன் நேராக எங்கள் மாடிக்கு ஏறிவந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முதல் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் தங்கவில்லை.

அவர் சொல்லிக்கொண்டே போனார். கப்பலில் எல்லாரும் சுருண்டு கிடந்தபோது அக்கா ஒருத்திதான் எழுந்து நடமாடினாளாம். பொட்டலங்களைப் பிரித்து, எலுமிச்சை பிழிந்து, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தகரக் குவளையில் பொங்கப் பொங்கக் கொடுத்தாளாம். "தனக்கு ஒண்ணும் வச்சுக்கல அண்ணே, அந்தப் புள்ள."

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க... ஏதாச்சும் வேணும்னு கேட்டுச்சா?"

"இல்லண்ணே. போன நாள்ளேருந்து ஒண்ணுமே கேக்கலயாம். அதோட மாமியாரே சொல்லி அழுதாங்க."

அதற்குப்பின் எங்கள் வீட்டில் யாரும் சோடா செய்யவில்லை. ஒருமுறை மட்டும், அம்மா வலியால் துடித்த ஒரு மத்தியானம், நான் பயந்துபோய் நானாகவே ஒரு பாட்டில் கட்டி, தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனேன். அம்மா அதைக் கையில் வாங்கிவைத்துக்கொண்டு குமிழிகளையே பார்த்தார். கடைசிக் குமிழியும் அடங்கும்வரை பார்த்திருந்தார். பிறகு, வெறும் புளிப்புத் தண்ணீராகிவிட்டதை, எனக்காக, முழுவதும் குடித்தார். கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கி அப்பாவுக்கு வேலை கிடைத்த பிறகும் அவர் கோலி சோடா வாங்கிவந்ததே இல்லை.

இப்போது அந்தச் சந்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதிகள். எங்கள் மாடிக்குக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். சம்பான்கள் கட்டிய படியில் ஆட்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பல் எப்போதோ நின்றுவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் விமானமேறி அங்கே போய்க் கல்லறைத் தோட்டத்தில் தேடினேன். மரச் சிலுவைதான் நட்டிருந்தார்களாம். எத்தனையோ புயல் வந்துபோன மண்ணில் இந்த இடம் என்று காட்ட ஆள் இல்லை. அக்காவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவளை ஞானம் என்று அழைத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். என் பேத்திக்கே இப்போது அவளைவிட வயது அதிகம். ஆனாலும் அவளைப் பற்றிப் பேச வாயெடுத்தால், எழுபத்தெட்டு வயதுக் கிழவியாகிய நான், பதினேழு வயதுப் பெண்ணொருத்தியை அக்கா என்றுதான் சொல்கிறேன்.