இருவருக்கு ஒரு புத்தகம்

தேவகி டீச்சர் காலமான செய்தியை நீதிமன்ற வராந்தாவில் எனக்குச் சொன்னவர்கள் குப்பம்மாளும் தனமும். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அழுகையிலும் யார் முந்துவது என்ற போட்டி இருந்தது. டீச்சரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

வல்லம் வடகால் கிராமத்தில் வயல்கள் தொழிற்சாலைகளாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் மூவரும் எனக்கு அறிமுகம். அடுத்தடுத்த தெருக்காரர்களான இவ்விருவரும் ஒரே தொழிற்சாலையில் துப்புரவுப் பணி செய்தார்கள். தண்ணீர் லாரி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் குடம் யாருடையது என்று தொடங்கிய தகராறு, இரு தெருக்களின் கைகலப்பாகி, இரண்டு வழக்குகளாயிற்று. வழக்கு முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் ஒப்பந்ததாரர். குப்பம்மாளுக்காக நான் ஆஜரானேன். சமரச மனுவில் இருவரும் கைநாட்டு வைத்தால் போதும் என்பது என் கருத்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கருத்தும் அதுவே.

அங்கே முதியோருக்கு மாலை வகுப்பு நடத்திவந்த டீச்சர் மறுத்தார்; இருவரும் அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். "படிக்காம வெச்ச கைநாட்டு, அடுத்த தண்ணி லாரி வர்ற வரைக்கும்தான் சார் தாங்கும்." ஆகவே, கட்சிக்காரர்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாகரிகமான சொற்களில் தெரிவித்து வாய்தா வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

டீச்சரின் முறை எளியது: பகையாளிகள் இருவருக்கு ஒரு பாடப்புத்தகம். ஒருவர் பிடிக்க, மற்றவர் விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

"பக்கத்தத் திருப்புடி, தூங்கினுகீறியா?"

"நீ மொதல்ல இந்த வரிய முடி, மகாராணி!"

புத்தகம் பற்றாக்குறை என்றார் டீச்சர். பீரோவில் பிரிக்காத கட்டு ஒன்றை நான் பார்த்துவிட்டேன். "வக்கீல் எல்லாத்தையும் பார்க்கக் கூடாது" என்று பீரோவைச் சாத்தினார்.

மனுவை வாசிக்கும் நாள் வந்தது. என் முதல் வாக்கியத்தின் நடுவிலேயே குப்பம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னா சார், எங்கதான் நிறுத்துறது?" மீதியைத் தனம் முடித்துவிட்டு, "இதுல கொடத்தையே காணோமே" என்றார். 'பொருள் ஒன்று குறித்த கருத்து வேறுபாடு' என்று எச்சரிக்கையாக எழுதியிருந்தேன்.

குப்பம்மாள் அந்த வரியில் விரலை வைத்தார். "கொடம் அவுளுதுதான். அப்டியே எழுது சார்."

அது ஒப்புதலாகிவிடும், சட்டப்படி பாதகம் என்று எடுத்துரைத்தேன்.

"அவுங்க படிச்சிட்டாங்க சார்" என்றார் டீச்சர். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டார்கள், நீதிமன்றம் ஏற்றது. ஒரே கம்பெனி பஸ்ஸில் மீண்டும் வேலைக்குப் போனார்கள், ஜன்னலோர இருக்கைக்குச் சண்டையிட்டபடி.

இரங்கல் கூட்டத்தில் டீச்சரைப் பற்றிய துண்டறிக்கையை வழங்கும் பொறுப்பு என்னுடையது. கையில் கட்டு நிறைய இருந்தது. குப்பம்மாளுக்கும் தனத்துக்குமாக ஒன்றை நீட்டினேன்.

"இன்னொண்ணு இல்லியா சார்?"

"பற்றாக்குறை" என்றேன்.

ஒருவர் பிடிக்க, மற்றவர் விரல் வைத்துப் படித்தார். டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு பொய்தான். அதைப் பத்திரமாக வைத்திருப்பேன்.