அன்று கிருத்திகை இல்லை

"பஸ் பழுது. குழந்தைக்குக் கஞ்சி கிடைத்தது. ஸ்தோத்திரம்."

1951 ஜூலை, இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. அன்பான விசுவாசிகளே, அன்று எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் போய்விடுமென்று, சாலையில் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். எங்கள் எட்டு மாதப் பெண்ணுக்குக் கடும் வயிற்றுப்போக்கு. பகாவிலிருந்து கோலா பிலா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் கஞ்சிக்கு வைத்திருந்த நொய்யரிசியை வாங்கிக்கொண்டார்கள். சற்று தூரத்தில் பஸ்ஸும் நின்றுவிட்டது. ஊரடங்கு நேரம் நெருங்கியது. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

என் மனைவி சாலையிலேயே மண்டியிட்டாள். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்றேன்.

சாலையோர ரப்பர் தோட்டத்து முள்வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஏண்ணே, புள்ளைய வச்சிக்கிட்டு ரோட்டுல என்னா ஜெபம்? தோட்டத்துக் கேட்ட சாத்தப் போறாங்க, உள்ள வாங்க!"

அவர் அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுப்பவர். தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் "எங்க ஊரு ஆளுங்க" என்று துணிந்து சொல்லி, எங்களைத் தொழிலாளர் லயத்தில் இருந்த தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பங்கீட்டு அரிசியில் நீர்க்கக் கஞ்சி வைத்து, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினார். இருட்டுவதற்குள் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்காக இன்றும் கர்த்தரைத் துதிக்கிறேன்.

மிச்ச அரிசியைப் பொங்கி எங்களுக்குப் போட்டார்.

"நீங்க சாப்பிடலியா?"

"இன்னைக்குக் கிருத்திகைண்ணே. நாங்க ரெண்டு பேரும் விரதம்."

அவர் கணவர் நிமிர்ந்தார். "கிருத்திகையா?"

"இவருக்குக் கல்யாண நாளே ஞாபகம் இருக்காது, இதுவா இருக்கப் போவுது!"

எல்லோரும் சிரித்தோம். நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இந்த வீண் விரதங்களிலிருந்து இவர்களை விடுவியும் என்று மனதுக்குள் ஜெபிக்கவும் செய்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். பிள்ளை பிழைத்தாள். வீடு திரும்பியதும், தேதிகளைச் சரிபார்க்கும் என் பழக்கப்படி நாட்காட்டியைப் புரட்டினேன். கிருத்திகை முந்தைய வாரமே போயிருந்தது.

அன்றுமுதல், வீட்டாரும் உடன் உட்காராமல் யார் வீட்டிலும் நான் கை நனைப்பதில்லை.

கேளுங்கள், தேவன் ஆளனுப்புவார். வந்தவரின் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

அந்த அம்மாள் கிருத்திகை நாளைத் தவறாக நினைத்துச் சொன்னாரோ, அவர்கள் கோயிலில் அன்று வேறு ஏதேனும் விரதம் இருந்ததோ என்று பலரிடம் விசாரித்தேன். அப்படி இருந்திருக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். இதுவரை உறுதியாகவில்லை.