வாசலில் கொடுக்காத மாத்திரை

என் வீட்டுக்காரி நசீமாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றைப் போட்டுவிட்டு ரசம் எடுக்கப் போகிறவள், தெருமுனையில் நின்று யாரையாவது "மாத்திரை போட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, மாதம் ஒருமுறை மாத்திரை கொடுக்கும் வேலை அவளுக்கு. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். சவாரி கிடைக்காத நேரமெல்லாம் அவளுக்குத்தான் சவாரி.

"கெழடுகட்டைகள ஆஸ்பத்திரி வரிசையில நிக்க விடாம வச்சிருக்கேன்ல?" என்று பெருமை அடித்துக்கொள்வாள். அந்தப் பெருமையில் ஒருநாள் டீக்கடையில் வைத்து மண்ணை அள்ளிப் போட்டார் சங்கிலி. எழுபது வயது. திராட்சைத் தோட்டத்தில் காவல் இருந்தவர்.

"ஏந்தாயி, முத்துக்கருப்பன் இருக்கானா, போய்ச் சேந்துட்டானா?"

"நல்லாத்தேன் இருக்காக. போன மாசங்கூட மாத்திரை குடுத்தேனே."

"ஆரு கையில குடுத்த?"

முத்துக்கருப்பனின் மருமகள் கையில்தான் நசீமா கொடுத்திருந்தாள். பதினோரு மாதமாகவே அப்படித்தான். பிரஷர் பார்க்கக் கூப்பிட்டால் "மாமா தூங்குறாக" என்பாள் மருமகள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவளும் வாசலோடு திரும்பிவிடுவாள்.

"முன்னெல்லாம் மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரி வரிசையில நானும் அவனும் பாத்துக்குவோம். நாலு கத பேசி, டீ குடிச்சிட்டு வருவோம். நீ வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்க ஆரம்பிச்ச. அவன் வெளிய வர்றதையே விட்டுட்டான்" என்றார் சங்கிலி.

அன்றைக்கே விறுவிறுவென்று முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். மருமகள் சொல்லச் சொல்லக் கேட்காமல் உள்ளே நுழைந்தாள். பெரியவர் தூங்கவில்லை. கொல்லையில் கட்டிலுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார். சம்சாரம் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

"ராத்திரி தூங்குறீகளா ஐயா?"

"தூக்கம் போயி ரொம்ப நாளாச்சு. முழிச்சிருந்து என்ன செய்ய? போயிட்டா தேவல."

திரும்பி வந்தவள் அன்று சாப்பிடவே இல்லை. "எம்புட்டு நாளா அந்த மனுசன் இப்படி நடந்துக்கிட்டே இருந்தாகளோ, நான் மாத்திரையை நீட்டிட்டு வந்திருக்கேனே" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். நான் என்ன செய்தேன், சொல்லுங்கள்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனநல டாக்டரம்மா தேனியிலிருந்து வருவார். மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. கிழடுகளின் கவலையெல்லாம் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டுமாம்! அன்றைக்கு விட்டால் இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்த டாக்டரிடம் கூட்டிவரச் சொல்லி, பெரியவரின் மகன் ஈஸ்வரபாண்டியிடம் கேட்டுப் பார்த்தாள். அவன் குதித்தான். "எங்கப்பாவுக்குக் கிறுக்குங்கிறியா? மகளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டு இருக்கோம். ஊரு என்ன பேசும்? வயசானா அப்படித்தேன்."

அதற்குமேல் அவள் செய்ததுதான் வில்லங்கம். பெரியவரிடம் இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கிறது என்று விசாரித்தாள். நான்கு நாளைக்கு இருந்தது; டாக்டர் வரும் வியாழக்கிழமைக்கு மூன்றே நாள். "இனிமே வீட்டுல குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. வியாழக்கெழம ஐயாவே ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கணும்" என்று மருமகளிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே அவளைச் சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினேன். டாக்டர் அறைக்கும் வெளி கேட்டுக்குமாக நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். பதினொன்றரைக்கு பைக்கில் ஈஸ்வரபாண்டி மட்டும் வந்தான்.

"அப்பா வரமாட்டேங்குறாரு. எங்கிட்டக் குடு."

"அவுக வராமக் குடுக்க மாட்டேன்."

"மேல எழுதிப் போட்டு ஒன் வேலையத் தூக்கிருவேன்."

"போடுங்க."

இவளுக்கு வேலை போய்விடுமே என்று எனக்குப் பயம். "யா அல்லா, குடுத்துத் தொலையேன்" என்றேன். என் பக்கம் திரும்பினாள் பாருங்கள்!

"அடுத்த மாசம் வரைக்கும் அவுக இருப்பாகன்னு நீங்க எழுதித் தர்றீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் கொடுத்தாலும் வேண்டாமென்று, மாத்திரை வாங்க வந்து வரிசையில் நின்றிருந்த சங்கிலியைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பெரியவர் வீட்டு வாசலில் நின்று சங்கிலி தெருவே அதிரக் கத்தினார்.

"ஏலே கருப்பா! சட்டையப் போட்டுக்கிட்டு வாடா. வரிசையில ஒனக்கு எடம் போட்டுட்டு வந்திருக்கேன்."

"மாமா வரமாட்டாக" என்றாள் மருமகள். சொல்லி வாய் மூடுவதற்குள் பெரியவர் வந்துவிட்டார். பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நசீமா அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அந்தம்மா ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒருமுறை பெரியவரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். கூடவே உள்ளே நுழையப் போன மகனை வெளியே இருக்கச் சொன்னார்.

முக்கால் மணி நேரம். முதலில் பேச்சுக்குரல் கேட்டது. பிறகு கேவிக் கேவி அழும் சத்தம். ஈஸ்வரபாண்டி எழுந்து கதவுப் பக்கம் போனான். "எங்கப்பாவா அது?" என்று நசீமாவிடமே கேட்டான். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்த பெரியவர் கையில் புது மாத்திரைச் சீட்டு இருந்தது. நசீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"ஐயா, உத்தரவுன்னு நாஞ் சொன்னது பொய். மன்னிச்சுக்கங்க. இனி எல்லா மாத்திரையவும் நானே உள்ள வந்து ஒங்க கையில குடுத்துர்றேன்."

அவர் வேண்டாம் என்று அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"பாக்க வா தாயி, தெனமுங்கூட வா. மாத்திரைய மட்டும் கொண்டாந்துராத. அத வாங்க நானே வர்றேன்."